முட்டையும் பாலும் ஒவ்வாதபோது மாவுச்சத்தைக் குறைப்பது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எனக்கு வயது 41. அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.3 என்று வந்தது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், சோற்றையும் இனிப்பையும் குறையுங்கள் என்றார் மருத்துவர். உடன் வேலை பார்ப்பவர்கள், மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவுமுறைப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். காலையில் முட்டை, மாலையில் பனீர், இடையில் வெண்ணெய் கலந்த தேநீர் என்று அது போகிறது. எனக்கோ முட்டை சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகும். தயிர் கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் செய்வதில்லை. இவை இரண்டும் இல்லாமல் இந்த உணவுமுறையைப் பின்பற்ற முடியுமா?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: முடியும். முட்டையும் பனீரும் எளிதில் கிடைக்கின்றன, சட்டென்று சமைத்துவிடலாம் என்பதால்தான் இத்தகைய பட்டியல்களில் முதலிடம் பிடித்தன. மாவுச்சத்தைக் குறைத்து எடை குறைத்ததாக 1863இல் சிறுநூல் எழுதி, இந்த உணவுமுறையை முதன்முதலில் பரவலாக அறியச் செய்த லண்டன்வாசி வில்லியம் பேன்டிங்கிடம் அவருடைய மருத்துவர் விலக்கச் சொன்னவை ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவை. பாலும் வெண்ணெயும் அந்த விலக்குப் பட்டியலிலேயே இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் நீங்கள் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லியிருக்கும் இரண்டு தொல்லைகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. முட்டை சாப்பிட்ட அரை மணி நேரத்தில் தோல் தடித்து அரிப்பது, முட்டையிலுள்ள புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு பகையாகக் கருதுவதால் வரும் ஒவ்வாமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதை வீட்டில் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்த்து உறுதி செய்யக் கூடாது. ஒவ்வாமை மருத்துவரிடம் தோல் பரிசோதனையோ, முட்டைக்கு எதிரான ஐஜிஇ என்னும் ஒவ்வாமைப் புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனையோ செய்துகொள்ளுங்கள். நாட்டுக்கோழி முட்டை, வாத்து முட்டை, காடை முட்டை ஆகியவற்றை மாற்றாக நினைக்க வேண்டாம், அவற்றின் புரதங்களும் ஏறத்தாழ சாதாரணக் கோழி முட்டையின் புரதங்களைப் போன்றவையே. மஞ்சள் கருவை மட்டும் சாப்பிடலாம் என்பதும் பாதுகாப்பானதல்ல, ஏனெனில் வெள்ளைக் கரு ஒட்டாமல் அதைப் பிரிக்க முடியாது. எப்போதாவது உதடோ நாக்கோ வீங்கினாலும், மூச்சு இரைத்தாலும், தலை சுற்றினாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பாலின் கதை வேறு. பால் குடித்தால் வயிறு உப்புகிறது, தயிர் ஒத்துக்கொள்கிறது என்றால், பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி உங்கள் குடலில் குறைவாகச் சுரக்கிறது என்றே கொள்ளலாம். தயிரில் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன; நெய்யில் அது ஏறக்குறைய இல்லை. ஆகவே நெய், சிறிது வெண்ணெய், அளவான தயிர் ஆகியவற்றை நீங்கள் ஒதுக்க வேண்டியதில்லை. பால் புரதத்துக்கே ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, ஏனெனில் நெய்யில் தங்கும் இம்மியளவு புரதமே சிலருக்குப் போதும்.

இனி உணவுக்கு வருவோம். முட்டையையும் பாலையும் எடுத்துவிட்டவர்கள் அந்த இடத்தைக் கொழுப்பால் நிரப்பப் பார்க்கிறார்கள். உண்மையில் குறைந்துபோவது புரதமும் கால்சியமும்தான், அவற்றைத்தான் முதலில் ஈடுகட்ட வேண்டும். உங்கள் ஊரில் அதற்கு வழி வாசலிலேயே இருக்கிறது. 150 கிராம் மீனில் சுமார் 30 கிராம் புரதம் உண்டு. சாளையும் அயிலையும் நல்ல கொழுப்புள்ள மீன்கள். சிறு சாளையைப் புளியும் தேங்காயும் அரைத்துவிட்டு, முள் மிருதுவாகும்வரை வேகவைத்து, முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் சேரும். முதல் நாள் மீன்குழம்பில் நான்கைந்து துண்டுகளும், தேங்காய்த் துருவல் தாராளமாகப் போட்ட முட்டைக்கோஸ் பொரியலும் காலை உணவாகட்டும். காலையில் மீனா என்று வீட்டார் வியந்தால் வியக்கட்டும், வயிறு விரைவில் பழகிவிடும். 100 கிராம் தேங்காயில் ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பு இருக்கிறது, நார் நீங்கலான மாவுச்சத்தோ 6 கிராம்தான். ஆட்டிறைச்சி, கோழி, ஈரல், வறுத்த நிலக்கடலை, பாதாம் என்று மாற்றிக்கொள்ள இன்னும் பல உள்ளன. முந்திரியில் மட்டும் கை தாராளமாகப் போக வேண்டாம், மாவுச்சத்து அதிகம்.

வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எல்லோரும் கேழ்வரகைக் கைகாட்டுவார்கள். அதில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருப்பது உண்மைதான், ஆனால் மாவுச்சத்தும் 65 கிராமுக்கு மேல் இருக்கிறது. நெத்திலி, முருங்கைக்கீரை, தோல் நீக்காத எள் ஆகியவற்றை நம்புங்கள். போதவில்லை என்றால் மருத்துவரைக் கேட்டுக் கால்சியம் மாத்திரை எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

வெளியில் சாப்பிடும்போதுதான் உங்களுக்கு உண்மையான ஆபத்து. சிக்கன் 65, சில்லி சிக்கன் ஆகியவற்றின் மேல்மாவில் முட்டை அடித்து ஊற்றுவது வழக்கம். மீன் வறுவலிலும் சில கடைகளில் சேர்க்கிறார்கள். பரிமாறுபவரிடம் கேட்காமல், சமைப்பவரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பொட்டலப் பொருள்களில் முட்டை, பால், மீன், கடலை இருந்தால் உறையிலேயே குறிப்பிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். சாசேஜ், மயோனைஸ், புரதப் பொடி ஆகியவற்றை வாங்கும்போது அந்தச் சிறிய எழுத்துகளைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சியோடு கொலஸ்டிரால் பரிசோதனையும் செய்து பாருங்கள். இம்முறையில் சிலருக்குக் கெட்ட கொலஸ்டிரால் எனப்படும் எல்டிஎல் கணிசமாக ஏறும். ஏறினால் நெய்யையும் தேங்காயையும் குறைத்து, மீன், நிலக்கடலை, நல்லெண்ணெய் பக்கம் சாய வேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவம். எனக்குப் பால் அறவே ஒத்துக்கொள்வதில்லை, முட்டை தொடுவதில்லை. நாளுக்கு 40 கிராம் மாவுச்சத்து என்ற கட்டுப்பாட்டை நான் கடைப்பிடிக்கலாமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம் என்றே சொல்வேன். பருப்பும் பயறும்தான் உங்கள் புரதத்தின் பெரும்பகுதி. 40 கிராம் என்ற வரம்புக்குள் அவற்றுக்கு இடமே இராது. டோஃபு, மீல் மேக்கர், நிலக்கடலை, பாதாம் ஆகிய நான்கை மட்டும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டு எத்தனை மாதம் ஓட்ட முடியும்? சோற்றைப் பாதியாக்கி, இட்லி தோசையை ஒரு வேளைக்குள் அடக்கி, அந்த இடத்தில் சுண்டல், கெட்டிப் பருப்பு, தேங்காய் போட்ட காய்கறி, டோஃபு என்று மாற்றினால் மாவுச்சத்து 130 கிராம் அளவுக்கு இறங்கும். அது போதுமானது, நிலைக்கவும் செய்யும். எந்த அளவைக் கடைப்பிடித்தாலும் வைட்டமின் பி12 மாத்திரை உங்களுக்குக் கட்டாயம், பாலும் முட்டையும் இல்லாத சைவ உணவில் அதற்கு நம்பத்தகுந்த வேறு வழி இல்லை.

கேள்வி: என் அப்பாவுக்குப் பசும்பால் குடித்தால் தோல் தடிக்கிறது, இரண்டு முறை மூச்சும் இரைத்தது. ஏ2 பாலோ ஆட்டுப்பாலோ தரலாமா? சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். பேலியோவும் தொடங்க விரும்புகிறார்.
— ஒரு வாசகி, கோவை

பதில்: இரண்டு பாலும் வேண்டாம். ஏ2 என்பதும் பசும்பால்தான், ஒரேயொரு புரதத்தில் சிறு வேறுபாடு, அவ்வளவே. ஆட்டுப்பால் புரதமும் பசும்பால் புரதத்தை மிகவும் ஒத்தது. பசும்பால் ஒவ்வாத பெரும்பாலோருக்கு அதுவும் ஒவ்வாது. மூச்சு இரைத்திருப்பதால் ஒவ்வாமை மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

மருத்துவரைக் கேட்காமல் அப்பா சோற்றை நிறுத்திவிடக் கூடாது. கிளிமிபிரைடு இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. அதே அளவில் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டு மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். இன்சுலின் போடுபவர்களுக்கும் இது பொருந்தும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கோ, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. முதலில் மருந்தின் அளவை மருத்துவர் மாற்றி எழுதித் தரட்டும், பிறகு அன்றைய தட்டை மாற்றுங்கள்.