பக்கத்து மனையில் கருவேலங்காடு: நாமே வெட்டலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். பக்கத்துக் காலி மனையில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பாம்பு வருகிறது. கிளைகள் எங்கள் மொட்டை மாடிவரை நீள்கின்றன. சுற்றுச்சுவரிலும் விரிசல். மனைக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். ஜேசிபி வைத்து நாங்களே சுத்தம் செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம் சார். புதராகவே கிடந்தாலும் அது அடுத்தவர் நிலம். அனுமதியில்லாமல் நுழைந்தால் அத்துமீறல், மரத்தை அழித்தால் சொத்துச் சேதம் என்று உங்கள் மேலேயே புகார் வரும். சிலர் ராத்திரியில் தீ வைத்துவிடுகிறார்கள். அது இன்னும் பெரிய குற்றம்.

உங்கள் எல்லைக்குள் நீளும் கிளையை மட்டும் உங்கள் பக்கம் நின்றபடியே வெட்டலாம். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. வெட்டிய விறகு அவருடையது.

அடுத்து, நகராட்சி ஆணையருக்குப் புகைப்படங்களுடன் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். சுகாதாரக் கேடான இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க, தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் 1939 இடம் தருகிறது. "ஓனர் அட்ரஸ் தெரியவில்லை" என்று அலுவலகத்தில் சொன்னால் விட்டுவிடாதீர்கள். காலிமனை வரி யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள். வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள்.

அதிலும் நகரவில்லை என்றால் ஆர்டிஓவிடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனு கொடுக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ஆவது பிரிவு என்று சொல்வோமே, அதுதான் 2024 ஜூலை முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆவது பிரிவு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்தப் பிரிவு பொதுத் தொல்லைக்கானது. நீங்கள் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் "இது உங்கள் இரண்டு பேர் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். தெருக்காரர்கள் நாலைந்து பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். செடி பொதுப்பாதையில் நீண்டிருந்தால் அதையும் எழுதுங்கள். சாய்ந்து விழும் நிலையில் மரம் ஏதாவது இருந்தால் தனியாகக் குறிப்பிடுங்கள். அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தான மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட அந்தப் பிரிவிலேயே தனி அதிகாரம் இருக்கிறது. முறைப்படி பிறப்பித்த உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது.

சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த வழக்கு அப்புறம் பல கட்டம் கண்டுவிட்டது. ஒரு மனைப் பிரச்சினைக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

சுவர் விரிசல் தனி விஷயம். அதற்கு நஷ்டஈடும், இனி வளர விடாமல் தடுக்கும் உத்தரவும் உரிமையியல் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். எதிராளி வெளிநாட்டில் என்பதால் சம்மன் சேரவே மாசக்கணக்கில் இழுக்கும். இங்கே அவருக்குப் பவர் ஏஜென்ட் யாராவது இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். விரிசலுக்கு வேர்தான் காரணம் என்று ஒரு சிவில் இன்ஜினியரிடம் அறிக்கை வாங்கி வையுங்கள், அதுவும் நகராட்சி வந்து மரத்தைப் பிடுங்குவதற்கு முன்னாலேயே.