‘யாழினி’ சங்ககாலப் பெயரா? அதன் பொருள் என்ன, இப்போது ஏன் இத்தனை பேர் வைக்கிறார்கள்?

என் மகளுக்கு இந்தப் பெயரைத் தேர்ந்தபோது இதே மூன்று கேள்விகளும் எங்கள் வீட்டில் எழுந்தன. அன்று தேடிப் படித்தவற்றையும், இத்தனை ஆண்டுகள் இந்தப் பெயரை வாயாரக் கூப்பிட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு விடை: இல்லை. சங்க நூல்களில் யாழினி என்ற பெயருடைய பெண் எவரும் இல்லை. இது 20ஆம் நூற்றாண்டில் தமிழர் ஆக்கிக்கொண்ட பெயர். ஆனால் இதைக் கட்டிய சொல்லும் முறையும் மிகப் பழையவை. பாடுகின்ற பெண்ணைப் பாடினி என்றே சங்கப் பாடல்கள் அழைக்கின்றன. புறநானூற்றின் 11ஆம் பாடலில் சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோவிடம் ஒரு பாடினி பொன்னணிகளைப் பரிசாகப் பெறுகிறாள். அந்தப் பாடலைப் பாடிய புலவரின் பெயரோ பேய்மகள் இளவெயினி. பாடினி, எயினி என்று இகரத்தில் முடியும் பெண்பாற் சொற்கள் ஒரே பாடலைச் சுற்றி இரண்டு கிடைக்கும்போது, ‘இனி’ என்று முடிவதெல்லாம் வடமொழி என்று ஒதுக்குவது பொருந்தாது. அதே வேளையில், இந்த ஓசையை நம் காதுக்குப் பழக்கியவை சென்ற நூற்றாண்டில் பரவலாக வழங்கிய நளினி, பத்மினி, மாலினி போன்ற பெயர்கள்தாம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பொருளுக்கு வருவோம். பெயர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் ‘யாழ்போல் இனிமையானவள்’ என்று தருகின்றன. யாழ், இனி என்று பிரித்து இனிமையைக் காணும் விளக்கம் இது. ‘குழலினிது யாழினிது’ என்ற குறளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இயல்பாகவே தோன்றக்கூடியது. மழலைச் சொல்லைப் பற்றிய குறளின் ஓசை ஒரு குழந்தையின் பெயருக்குள் இருப்பது எனக்கும் பிடித்த செய்தியே. ஆயினும், பாடினியைப்போல யாழுக்குரியவள், யாழை இசைப்பவள் என்று கொள்வதே சொல்லமைப்புக்கு நெருக்கமானது என்பது என் கருத்து.

யாழ் நரம்புக் கருவிகளில் தமிழருடைய தொன்மையான கருவி. பேரியாழுக்கு 21 நரம்புகள், சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று உரையாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் கானல்வரி தொடங்கும் இடத்தைப் பாருங்கள்: சித்திர வேலைப்பாடுள்ள உறைக்குள் மலர் சூட்டப்பட்டு, மை தீட்டிய கண்களையுடைய மணப்பெண்ணின் கோலத்தோடு யாழ் இருக்கிறது, அதன் பத்தர், கோடு, ஆணி, நரம்பு ஆகியவற்றில் குற்றமில்லாத அந்தக் கருவியை மாதவி தொழுது கையில் வாங்குகிறாள். யாழைப் பெண்ணாகவே பார்த்த கண் அது. வேதாரண்யத்துக் கோயிலில் அம்மனின் பெயர் யாழைப் பழித்த மொழியாள். யாழின் ஒலியையும் நாணச் செய்யும் பேச்சுடையவள் என்பது பொருள். ஆகவே, பெண்ணின் பெயருக்குள் யாழை வைப்பது நம் காலத்தில் தொடங்கிய வழக்கம் அன்று. கருவிதான் வழக்கொழிந்து நூலுக்குள் போயிற்று. அதன் இலக்கணத்தை மீட்டெடுக்க விபுலானந்த அடிகள் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் சிலர் யாழை மீண்டும் செய்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஈழத்தவருக்கு யாழ் என்றால் யாழ்ப்பாணமும்தான் என்பதால், அங்கே இந்தப் பெயர் ஊர் நினைவையும் சேர்த்தே சுமக்கிறது.

இனி, ஏன் இத்தனை பேர்? 1916இல் சுவாமி வேதாசலம் தம் பெயரை மறைமலையடிகள் என்று மாற்றிக்கொண்டு தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், அதன் பின் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் இராமையா அன்பழகனாகவும் மாறிய திராவிட இயக்கத் தலைமுறையும் தமிழ்ப் பெயருக்கு ஒரு பெருமிதத்தைத் தந்தன. தமிழ்ச்செல்வியும் கயல்விழியும் மலர்விழியும் வீடுதோறும் வந்தார்கள். பிறகு ‘ஷ’வும் ‘ஸ்ரீ’யும் இல்லாத பெயர் நாகரிகமானதன்று என்ற எண்ணம் ஓங்கியிருந்த காலம் ஒன்று. அதைக் கடந்து மீண்டும் தமிழுக்குத் திரும்பிய பெற்றோர்கள் சுருக்கத்தையும் விரும்பினார்கள். தமிழ்ச்செல்வியில் ஏழு எழுத்து, யாழினியில் மூன்றே எழுத்து; கிரந்தம் இல்லை, ழகரம் இருக்கிறது, கேட்கவும் புதிதாக இருக்கிறது. நிலா, இனியா, ஓவியா, மகிழினி ஆகியவையும் இந்தத் திரும்புதலில் பரவியவையே. சாதகம் பார்க்கும் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு: கேட்டை நட்சத்திரத்துக்குரிய எழுத்துகளில் ‘யா’வும் ஒன்று, அதில் தொடங்கும் தமிழ்ப் பெயர்கள் மிகக் குறைவு என்பதால், தேடுபவர்கள் பெரும்பாலும் இதில்தான் வந்து நிற்கிறார்கள்.

என் மகளின் தமிழ் வகுப்பில் இரண்டு யாழினிகள் இருக்கிறார்கள். அப்பாவின் முதலெழுத்தைச் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை, எனக்கும் இல்லை.

வைப்பதென்று முடிவு செய்தால், ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதைப் பிறப்புச் சான்றிதழில் பெயர் பதியும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் ழகரத்துக்கு இசட், எச் என்ற இரண்டு எழுத்துகளைப் போடுகிறோம். ஈழத்தில் பலர் எல் மட்டும் போடுகிறார்கள். முதல் முறையில் எழுதினால் தமிழறியாதவர்கள் ‘யாஜினி’ என்றும், இரண்டாம் முறையில் ‘யாலினி’ என்றும் படிப்பார்கள். நாங்கள் முதல் முறையைத் தேர்ந்தோம். வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஆசிரியை ஒருவர் நாள்தோறும் யாஜினி என்று அழைக்க, இரண்டாம் வகுப்பில் இருந்த என் மகள் ஒருநாள் அவர் அருகில் போய் வாயைத் திறந்து, நாக்கின் நுனி எங்கும் தொடாமல் மேலே வளைந்து நிற்பதைக் காட்டியிருக்கிறாள். அந்த வாரத்திலேயே அவர் யாழினி என்று திருத்தமாகக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்.