சேவ் பண்ணாத வினாத்தாளை மீட்க 4,500 ரூபா கொடுக்கலாமா?

கேள்வி: நான் உப்புவெளியில் இருக்கும் ஆசிரியை. தவணைப் பரீட்சைக்கான வரலாறு வினாத்தாளை வேர்டில் இரண்டு மணித்தியாலமாக அடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. ஒரு தடவைகூட சேவ் பண்ணவில்லை. திரும்பவும் வேர்டைத் திறந்தபோது இடப்பக்கத்தில் ஏதோ பட்டியல் வந்தது, விளங்காமல் மூடிவிட்டேன். டவுனில் ஒரு கடையில் ரிக்கவரி சொஃப்ட்வெயார் போட்டு எடுத்துத் தர 4,500 ரூபா கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் ரீச்சர். அந்த சொஃப்ட்வெயார், டிஸ்க்கில் இருந்து அழிந்துபோன பைலைத் தேடுவது. உங்கள் வினாத்தாள் இன்னும் அழியாமலே இருக்கக்கூடும். வேர்ட் தன்பாட்டில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பிரதி எடுத்து வைக்கிறது. இடப்பக்கத்தில் வந்த பட்டியல் அதுதான். அதை மூடும்போது, பிறகு பார்க்க வைத்திருக்கவா, நீக்கிவிடவா என்று கேட்டிருக்கும். வைத்திருக்கச் சொல்லியிருந்தால், அடுத்த முறை வேர்டைத் திறக்கும்போது பட்டியல் மறுபடி வரும்.

வராவிட்டால் ‘பைல்’, ‘இன்ஃபோ’, ‘மனேஜ் டொக்கியுமென்ட்’ என்று போய், ‘ரிக்கவர் அன்சேவ்ட் டொக்கியுமென்ட்ஸ்’ என்பதை அழுத்துங்கள். அங்கே இருந்தால் திறந்து உடனே பெயர் கொடுத்து சேவ் பண்ணுங்கள். இன்றே பாருங்கள், அந்த இடத்தில் பிரதிகள் 4 நாள்தான் இருக்கும். அங்கும் இல்லையா? சி டிரைவில் ‘ஏஎஸ்டி’ (.asd) என்று முடியும் பைல்களைத் தேடிப் பாருங்கள். கடைசிச் சில நிமிடங்களில் அடித்த கேள்விகள் போயிருக்கலாம், மீதி வந்தால் பெரிய காரியம்.

இவ்வளவும் பார்த்துக் கிடைக்காவிட்டால் மட்டும் கடை. அதுவரை அந்தக் கணினியில் புதிதாக எதையும் இன்ஸ்டோல் பண்ணாதீர்கள், அழிந்த பைல் இருந்த இடத்தில் புதியது ஏறி உட்கார்ந்துவிடும். கடைக்காரரிடம், “எடுத்துத் தந்தால்தான் காசு” என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், பில்லும் வாங்குங்கள். பிரச்சினை வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அந்த 4,500 ரூபாவை யூபிஎஸ் என்ற பற்றரிப் பெட்டி ஒன்றுக்கு ஒதுக்குவதே என் விருப்பம். கரண்ட் போனாலும் சேவ் பண்ணி, கணினியை ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடம் கிடைக்கும். லப்டொப் என்றால் அதன் பற்றரியே போதும்.

அப்புறம், வேர்டின் ‘ஓப்ஷன்ஸ்’ உள்ளே ‘சேவ்’ பகுதியில் அந்த 10 நிமிடத்தை 2 ஆக்கிவிடுங்கள். மேலே தெரியும் ‘ஓட்டோசேவ்’ பொத்தானை நம்பி இருக்கவேண்டாம், பைல் வன்ட்ரைவில், அதாவது மைக்ரோசொஃப்ட்டின் இணையச் சேமிப்பிடத்தில், இருந்தால்தான் அது வேலை செய்யும். காசு கொடுத்து ஒஃபிஸ் வாங்க முடியாதவர்களுக்கு லிப்ரே ஒஃபிஸ் இலவசம், அதிலும் இந்தத் தானியங்கிப் பிரதி வசதி உண்டு. எதில் அடித்தாலும் முதல் கேள்வியை அடிக்கும் முன்பே பைலுக்கு ஒரு பெயர் வைத்து சேவ் பண்ணிவிடுங்கள்.