பிலிப்பைன்ஸ் அரசியல்வாதிகளில் எழுத்தாளராகவும் இருந்தவர் யார்? அவர் வாழ்க்கை எப்படிப்பட்டது?

இசபெலோ டி லோஸ் ரெய்ஸ் என்பதுதான் என் பதில். 1922 முதல் 1928 வரை பிலிப்பைன்ஸ் செனட்டில் இருந்தவர். ஆனால் அந்த ஆறு வருடங்களுக்காக அவரைச் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் எனக்குச் சப்பென்று தோன்றும் பகுதியே அதுதான்.

மணிலாவில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் நாவல்கள் எழுதிய தேசிய வீரர் ஹோசே ரிசால்தான். சிலை, பூங்கா, ஒரு பெசோ காசு வரைக்கும் அவர் முகம். இசபெலோ பெயரை முதலில் சொன்னது அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த, வடக்கே இலோகோஸ் வட்டாரத்துப் பெண். சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை கிடைத்தபோது சிலபேர் அவருடன் விகன் ஊருக்குக் கிளம்பினோம். மணிலாவுக்கு வடக்கே சுமார் 400 கிலோமீட்டர், ராத்திரி பஸ். கல் பாவிய தெரு, குதிரை வண்டி, கீழ்த்தளம் கல்லும் மேல்தளம் மரமுமாகப் பழைய வீடுகள். ஓரிடத்தில் ஒரு பெண்ணின் சிலை. "இவங்கதான் இசபெலோவோட அம்மா" என்றார் தோழி.

அம்மா பெயர் லியோனா ஃப்ளோரென்டினோ. 1849இல் பிறந்தவர். பதினாலு வயதில் கல்யாணம். அந்த வட்டார மொழியான இலோகானோவிலும் ஸ்பானிஷிலும் கவிதை எழுதினார், அது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. கணவரையும் பிள்ளைகளையும் பிரிந்து தனியே வாழ்ந்து 35 வயதில் இறந்துபோனார். 1864இல் பிறந்த மகன் இசபெலோ வளர்ந்தது வசதியான ஓர் உறவினர் வீட்டில். அப்புறம் விகனில் பாதிரியார்கள் நடத்திய செமினரியில் படிப்பு. அங்கேயே மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தாராம். பின்னால் நடந்ததையெல்லாம் பார்க்கும்போது இதில் ஆச்சரியமில்லை!

1880இல் மணிலாவுக்கு வந்து, படித்துக்கொண்டே பத்திரிகைகளில் எழுதினார். 1884இல் ஒரு ஸ்பானியப் பத்திரிகை ஆசிரியர், நாட்டு மக்களின் வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் திரட்டித் தாருங்கள் என்று அறிவிப்பு விட்டார். பத்தொன்பது வயது இசபெலோ அதைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து வந்ததுதான் 1889இல் வெளியான 'எல் ஃபோக்லோர் ஃபிலிப்பினோ'. பேய், பிசாசு, வைத்தியம், சகுனம், பழமொழி எல்லாம் கலந்து கிடக்கும் புத்தகம். அம்மாவின் கவிதைகளையும் அதில் சேர்த்துவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. வீட்டார் ஒதுக்கியதை மகன் அச்சில் ஏற்றிவிட்டார்.

இலோகானோ மரவெட்டிகள் மரத்தில் குடியிருக்கும் ஆவியிடம் பாடும் நாலு வரியும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. "பாரி பாரி" என்று தொடங்கும். கோபப்படாதே நண்பா, வெட்டச் சொல்லி எங்களை அனுப்பினார்கள், அதனால்தான் வெட்டுகிறோம் என்று பொருள். வெட்டுகிறவன் வேறு, வெட்டச் சொன்னவன் வேறு என்பது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். கூலிக்காரன் ஆவியிடம் கொடுக்கும் வாக்குமூலம் மாதிரி.

அந்தக் காலத்துப் படித்த பிலிப்பினோக்கள் நாங்களும் ஐரோப்பியர்களுக்குச் சமம் என்று காட்டப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். இவரோ தன்னைக் காட்டுவாசிகளான ஐத்தா, இகோரோத், திங்கியன் மக்களின் சகோதரன் என்று எழுதினார். ரிசாலுக்கும் இவருக்கும் பத்திரிகையில் சண்டையே நடந்தது. ரிசாலின் தேசபக்தி வரலாற்றைக் கொஞ்சம் பூசி மெழுகுகிறது என்று இவர் சொல்ல, அவர் 1890இல் காரமாகப் பதில் எழுதினார். இந்த ஒரு விஷயத்தில் நான் இசபெலோ பக்கம்.

1889இல் 'எல் இலோகானோ' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். உள்ளூர் மொழி ஒன்றில் வந்த முதல் செய்தித்தாள் என்று பலரும் குறிப்பிடுவது இதைத்தான். லாம்-ஆங் என்ற வாய்மொழிக் காவியம் அதில் தொடராக வந்தது. பிறந்தவுடனே பேசி, தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும் வீரன் கதை. அதில் நாயகன் கொன்று குவிப்பது இகோரோத் மக்களை! சகோதரர்கள் என்று எழுதியவரே அதை ஒரு வரி மாற்றாமல் அச்சிட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

1896இல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகப் புரட்சி வெடித்தது. அதை நடத்திய கதிபுனான் என்ற ரகசிய இயக்கத்தோடு இவருக்குத் தொடர்பில்லை, இருந்தும் 1897 பிப்ரவரியில் பிலிபிட் சிறையில் போட்டார்கள். உள்ளே இருந்தபோதே மனைவி இறந்தார். பொதுமன்னிப்பில் விட்டதும் மனிதர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. கலகத்துக்குக் காரணம் பாதிரியார்களின் கொடுமைதான் என்று கவர்னர் ஜெனரலிடமே மனு கொடுத்தார். மறுபடி கைது. இம்முறை கப்பலேற்றி பார்சிலோனாவின் மோன்ஜுயிக் கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கேதான் ஸ்பெயினின் அராஜகவாதிகளையும், அதாவது அரசே வேண்டாம் என்பவர்களையும், அடைத்து வைத்திருந்தார்கள். ஆளை அடக்க அனுப்பிய இடத்தில் அரசாங்கமே வாத்தியார் வைத்துக் கொடுத்த கதை இது.

1901இல் ஊர் திரும்பியபோது பெட்டியில் புரூதோன், பக்கூனின், மார்க்ஸ் என்று புரட்சிச் சிந்தனையாளர்கள் எல்லாம் புத்தகங்களாக இருந்தார்கள். ஆட்சியோ அமெரிக்கர்கள் கைக்கு மாறியிருந்தது. அச்சுத் தொழிலாளர்கள் சிலர் கூட்டுறவு தொடங்க யோசனை கேட்டு வந்தார்கள். சங்கம் வையுங்கள் என்றார் இவர். 1902 பிப்ரவரியில் நாட்டின் முதல் தொழிற்சங்கக் கூட்டமைப்பு பிறந்தது. அதே வருடம் ஆகஸ்ட் 3 அன்று ரோமுக்குக் கட்டுப்படாத பிலிப்பைன் சுதந்திரத் திருச்சபை உருவானதாகக் கூட்டத்தில் அறிவித்தார். தலைமை ஆயர் கிரெகோரியோ அக்லிபாய் என்ற பிலிப்பினோ பாதிரியார் என்றும் சொன்னார். அக்லிபாய் அந்தக் கூட்டத்திலேயே இல்லை! அந்த மாதமே இசபெலோ வேலைநிறுத்தங்களுக்காகக் கைதாகி நாலு மாதத் தண்டனை வாங்கினார். குற்றம், கூலியை உயர்த்தச் சதி செய்தது. தண்டித்தது அமெரிக்க ஆட்சி, பயன்படுத்தியது பழைய ஸ்பானியச் சட்டம்.

சரி, அரசியல். 1912இல் மணிலா நகரசபை உறுப்பினர், அப்புறம் 1922இல் சொந்த இலோகோஸ் வட்டாரத்திலிருந்து செனட்டர். 24 பேர் கொண்ட அவை, அதில் 22 பேர் தேர்தலில் வந்தவர்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஆர்வமில்லை. 1929இல் பக்கவாதம் வந்து படுத்தவர் 1938இல் இறந்தார். கடைசிக் காலத்தில் கத்தோலிக்கத்துக்குத் திரும்பி மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார் என்கிறார்கள், அது சர்ச்சையாகவே இருக்கிறது. அவர் பெயரையே கொண்ட மகன் 1946இல் அந்தச் சுதந்திரத் திருச்சபைக்கே தலைமை ஆயரானார்.

விகனிலிருந்து திரும்பும் பஸ்ஸில் தோழியிடம் அந்த மரவெட்டிப் பாட்டைப் பற்றிக் கேட்டேன். நாலு வரியும் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் ராத்திரியில் கொல்லைப்பக்கம் வெந்நீரைக் கொட்டுவதற்கு முன்னால் அவருடைய பாட்டி "பாரி பாரி" என்று சொல்லிவிட்டுத்தான் கொட்டுவாராம்.