யாழ்ப்பாணத்தில் சீமெந்துச் சுவரும் சீமெந்து நிலமுமான சின்ன வீட்டு அறையிலேயே பாடும் குரலைத் தெளிவாகப் பதிவு செய்ய எந்த மைக் வாங்கலாம்?

மைக் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். சீமெந்துச் சுவரும் சீமெந்து நிலமுமாக இருக்கும் சின்ன அறை என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் நடுவில் நின்று ஒருதரம் கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ஒரு கிண் சத்தம் இழுபட்டால், பாடும்போதும் அது குரலோடு சேர்ந்து மைக்குக்குள் போகும். விலை கூடிய கொண்டென்சர் மைக் (மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் வகை) அதை இன்னும் துல்லியமாகப் பிடித்துத் தரும், அவ்வளவுதான்.

இதைக் குறைக்கப் பலரும் மைக்குக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஸ்பொஞ்ச் ஒட்டுகிறார்கள். குரலுக்கு நாம் வாங்கும் மைக் பெரும்பாலும் கார்டியோயிட் வகை. முன்னால் வருவதை எடுக்கும், முதுகுப் பக்கச் சத்தத்தை வெகுவாகக் குறைக்கும். அப்படியென்றால் அது பார்த்துக்கொண்டிருப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். அந்தச் சுவரை முதலில் மூடுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் சீலை அலுமாரியைத் திறந்துவிட்டு, அதற்கு முதுகு காட்டி நின்றுதான் தங்கச்சி பாடுவாள். இரண்டு பக்கமும் தடித்த போர்வை தொங்கும். மைக்கின் முதுகு றோட்டுப் பக்க யன்னலைப் பார்க்கும். அலுமாரி இல்லையென்றால் பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாத்துங்கள். முட்டை மட்டை ஒட்டுவது வீண் வேலை.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் போதும். தூரம் இரண்டு மடங்கானால் நேரே வரும் குரல் 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலி கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். 'ப' வரும் இடங்களில் காற்று இடிக்காமல் மைக்குக்கு முன்னால் பொப் ஃபில்டர் என்ற மெல்லிய திரையை வைத்து, மைக்கைச் சற்றுச் சரித்து விடுங்கள்.

ஃபானைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். எங்கள் வெக்கையில் கஷ்டம்தான். பல்லவி முடிந்ததும் ஃபானைப் போட்டு ஆறி, பிறகு சரணத்துக்குப் போங்கள். இரைச்சலை மென்பொருளில் எடுத்துவிடலாம் என்று விட்டால், அதோடு கமகத்தின் நெளிவும் மழுங்கிப் போகும். அது எனக்குப் பொறுக்காது. கோயில் லவுட்ஸ்பீக்கரை எந்த மெத்தையும் தடுக்காது. நல்லூர்க் கந்தசாமி கோயில் பக்கம் வீடென்றால் அதன் 25 நாள் திருவிழாவில் முக்கியமான பதிவு எதையும் வைக்காதீர்கள். மற்ற நாட்களில் இரவு பத்துக்குப் பிறகு நல்லது.

பதிவு மென்பொருளில் 24 பிட் என்ற தரத்தைத் தெரிந்து பதியுங்கள். அதன் ஒலி அளவுமானியில் உரத்த இடம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். ஹெட்போனில் ஒரு ரீங்காரம் கேட்டால் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பல நேரம் அதுதான் காரணம்.

இவ்வளவும் செய்த பிறகு மைக் என்றால், ஷூர் எஸ்எம்58 போன்ற ஒரு டைனமிக் மைக்கைத்தான் சொல்வேன். அறைச் சத்தத்தைக் குறைவாக எடுக்கும், கொண்டென்சர் மைக்குக்குக் கொடுக்கும் 48 வோல்ட் பவரும் தேவையில்லை. ஆனால் கெயின் (மைக்கின் சிக்னலைக் கூட்டும் அளவு) தாராளமாகக் கிடைக்கும் இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி, வேண்டும், அதைக் கடையில் மைக்கைச் செருகிப் பார்த்தே வாங்குங்கள்.