1933 ஆல்-ஸ்டார் ஆட்டம் வெறும் காட்சிப் போட்டிதானே? பேஸ்பால் ரசிகர்கள் ஏன் அதை இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறார்கள்?

காட்சிப் போட்டிதான், மறுக்கவில்லை. அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பெரிய லீக்குகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் ஆகியவற்றின் நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதிய ஆட்டம் அது. கோப்பை கிடையாது, புள்ளி கிடையாது. அந்த வருஷம் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. அதையொட்டி ஒரு ஆட்டம் வைக்கலாமே என்று 'சிகாகோ ட்ரிப்யூன்' விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்ட் கிளப்பிய யோசனை. ஒரே தடவைக்கான ஏற்பாடு. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க பத்திரிகை வாசகர்களை ஓட்டுப் போடவைத்தார்கள். வசூல், நொடித்துப்போன பழைய ஆட்டக்காரர்களுக்கு.

நானும் உங்களைப் போலத்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் அந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையில் ஜிம்மி ஃபாக்ஸ் பெயரைத் தேடினேன். அந்த சீசனில் அமெரிக்கன் லீக்கில் பேட்டிங் சராசரி, ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது), அடித்துக்கொடுத்த ரன் மூன்றிலும் முதலிடம் பிடித்தவர் அவர். அட்டையில் ஆளைக் காணோம்! ஆட்டம் முழுக்க பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார் அமெரிக்கன் லீக் பக்கத்தின் மேனேஜர் கோனி மேக். அதுவும் தன் சொந்த அணி ஆட்டக்காரரை. ஃபாக்ஸின் இடமான முதல் பேஸில் (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடங்களில் முதலாவது) லூ கெரிக் நின்றார், கடைசிவரை அவரேதான். வேடிக்கை காட்ட வந்தவர் எல்லாருக்கும் ஆளுக்கு ரெண்டு இன்னிங்ஸ் கொடுத்திருப்பார். மேக் ஜெயிக்க வந்திருந்தார்.

காரணம் எதிர்ப் பக்கம் நேஷனல் லீக் மேனேஜராக உட்கார்ந்திருந்த ஜான் மெக்ரா என்றே நினைக்கிறேன். நேஷனல் லீக் 1876இல் தொடங்கியது. 1901இல் பெரிய லீக்காக எழுந்த அமெரிக்கன் லீக், கூடுதல் சம்பளம் காட்டி அதன் ஆட்டக்காரர்களை இழுத்துக்கொண்டது. மேக்கின் ஃபிலடெல்ஃபியா அணியை 'வெள்ளை யானை' என்று மெக்ரா நக்கலடிக்க, மேக் அந்த யானையையே அணியின் சின்னமாக்கிக்கொண்டார். இன்றும் அந்த அணிக்கு யானைதான். 1904இல் மெக்ராவின் நியூயார்க் ஜயன்ட்ஸ், அமெரிக்கன் லீக்கோடு வேர்ல்ட் சீரிஸே (இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடர்) ஆட மாட்டோம் என்று மறுத்தது. 1933இல் மேக்குக்கு 70 வயது, மெக்ராவுக்கு 60. முந்தின வருஷமே ஓய்வு பெற்றிருந்த மெக்ராவை இந்த ஒரு ஆட்டத்துக்காகக் கூப்பிட்டு வந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் அவர் காலமானார்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் வேர்ல்ட் சீரிஸ் தவிர முக்கிய ஆட்டம் எதிலும் இரண்டு லீக் அணிகளும் மோதியதில்லை. சீசன் ஆட்டங்களில் கலந்து ஆட 1997 வரை ஆனது. ஆகவே ஜூலை 6 அன்று கொமிஸ்கி பார்க்குக்கு வந்த 47 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது கிடைக்காத காட்சி.

முதல் ரன்னை அடித்துக்கொடுத்தது யார் தெரியுமா? அமெரிக்கன் லீக்கின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், லெஃப்டி கோமஸ். பேட்டைப் பிடித்தால் ஊரே சிரிக்கும், நம் கிரிக்கெட்டில் பதினொன்றாவதாக இறங்குவாரே, அந்த ரகம். இரண்டாவது இன்னிங்ஸில் நேஷனல் லீக் பிட்சர் பில் ஹாலஹன் தவறி வீசி இருவரை பேஸுக்கு அனுப்பிவைக்க, கோமஸ் ஒரு சிங்கிள் தட்ட, ஜிம்மி டைக்ஸ் ஓடி வந்து ரன். அடுத்த இன்னிங்ஸில் சார்லி கெரிங்கர் பேஸில் நிற்க, அதே அமெரிக்கன் லீக்கின் 38 வயது பேப் ரூத் வலது பக்கம் ஒரு ஹோம் ரன் போட்டார். எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது எட்டாவது இன்னிங்ஸ். நேஷனல் லீக் 4-2 என்று பின்தங்கியிருந்தது, ஒருவர் பேஸில். சிக் ஹேஃபி விளாசிய பந்தை, தொப்பை போட்ட அதே ரூத் பின்னால் போய்ப் பிடித்தார். ஸ்கோர் அப்படியே நின்றது. அமெரிக்கன் லீக் வெற்றி.

கொண்டாடுபவர்கள் பலர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அன்று மைதானத்தில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை, இரண்டு லீக்கிலும் அவர்களைச் சேர்ப்பதில்லை. அவர்கள் அதே மைதானத்தில் செப்டம்பர் 10ஆம் தேதி கிழக்கு-மேற்கு என்று தங்களுக்கான ஆல்-ஸ்டார் ஆட்டத்தை ஆடினார்கள். மேற்கு 11-7 என ஜெயித்தது. வில்லி ஃபாஸ்டர் மேற்குக்காக ஒன்பது இன்னிங்ஸையும் தனியாளாக வீசி முடித்தார். ஜூலையில் மேக் அதை மூன்று பேருக்குப் பங்குபோட்டிருந்தார்.