விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் நோய்கள்: ஆய்வுப் பட்டம் செய்ய விரும்புவோருக்கு என் பதில்கள்

கொழும்பில் எலிக்காய்ச்சல் ஆய்வில் இருக்கிறேன் என்று தெரிந்து பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து பவித்ரா: விலங்கியல் சிறப்புப் பட்டம் முடித்தேன். வைத்தியரும் இல்லை, மிருக வைத்தியரும் இல்லை. எனக்கு இடமிருக்கிறதா?

இருக்கிறது தங்கச்சி. பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் நிபுணத்துவப் பயிற்சிகள் முக்கியமாக எம்பிபிஎஸ் முடித்தவர்களுக்கானவை, அவற்றை விட்டுவிடுங்கள். ஆய்வுப் பட்டம் வேறு. மருத்துவ பீடத்து ஒட்டுண்ணியியல், நுண்ணுயிரியல் துறைகளில் விஞ்ஞானப் பட்டதாரிகளும் எம்பில், பிஎச்டி செய்கிறார்கள். மணல் ஈக்களை இனம் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர், அந்த ஈ பரப்பும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியை ஆராயும் குழுவுக்குக் கட்டாயம் தேவை. உங்கள் விண்ணப்பக் கடிதத்தில் அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

தெமட்டகொடையிலிருந்து ரிஸ்வான்: எம்எஸ்சியா, எம்பிலா, நேரே பிஎச்டியா?

பாடநெறியோடு கூடிய எம்எஸ்சி, துறை பிடிக்குமா என்று பார்க்க நல்லது. ஆய்வுதான் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால் எம்பிலுக்குப் பதிந்து, வேலை வளர்ந்த பிறகு பிஎச்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பலரும் போகும் வழி அது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மிருக வைத்தியர்: பேராதனையில் படித்தேன், இப்போது கொழும்பில் வேலை. என்ன தலைப்பு எடுக்கலாம், யாரை மேற்பார்வையாளராகக் கேட்கலாம்?

டொக்டர், தலைப்பைப் பிறகு பார்ப்போம். நோய் எந்த இடத்தில் விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவுகிறது, அதில் எது இன்னும் தெரியவில்லை என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரி கிடைத்தால் தலைப்பும் மேற்பார்வையாளரும் தானாக வரும்.

நம் நாட்டில் இந்தத் துறை இரண்டு ஊர்களில் பிரிந்து கிடக்கிறது. மிருக வைத்திய பீடம் பேராதனையில் மட்டும்தான். மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் பக்கத்திலேயே கன்னொறுவையில். மனிதர் பக்கத்துக்கு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் இங்கே பொரளையில். அதனால் ஒரு மேற்பார்வையாளரோடு திருப்திப்படாதீர்கள். மனிதர் பக்கம் ஒருவர், விலங்கு பக்கம் ஒருவர் என்று ஆரம்பத்திலேயே கேட்டு வாங்குங்கள். ஒருவர் மட்டும் இருந்தால் மறுபக்கத்து மாதிரிகள் பெரும்பாலும் பெயருக்குத்தான் சேரும்.

விசர்நாய்க்கடியை எடுங்கள். சந்தேகமான நாய் செத்ததும் தலையை வெட்டி, பொலித்தீனில் இறுகக் கட்டி, ஐஸ் போட்ட பெட்டியில் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். மூளையில் ஒளிரும் எதிருடல் பரிசோதனை செய்து முடிவு சொல்வார்கள். வெயிலில் தாமதமானால் மூளை கூழாகிவிடும், பரிசோதனையும் கைவிட்டுப் போகும். எத்தனை தலைகள் ஏன் வராமலே போகின்றன என்ற கேள்வியே ஒரு நல்ல ஆய்வு. அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

இன்னொன்று, 1980களின் பிற்பகுதியில் அனுராதபுரத்தில் வந்த ஜப்பானிய மூளைக்காய்ச்சல். வயல் நீரில் பெருகிய நுளம்புகளுக்குப் பக்கத்திலேயே பன்றிகள். பன்றியின் இரத்தத்தில் வைரஸ் பெருகும், நுளம்பு அதை மனிதரிடம் கொண்டுவரும். ஆஸ்பத்திரிக் கட்டிலை மட்டும் பார்த்தவருக்கு அந்தக் கதையில் பாதிதான் தெரிந்திருக்கும்.

வத்தளையிலிருந்து சிவா: எலிக்காய்ச்சலில் எம்பில் இரண்டு வருடத்தில் முடியுமா?

திட்டத்தைப் பொறுத்தது தம்பி. எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவை வளர்க்கப் போகிறீர்களா? அப்படியென்றால் பொறுமை வேண்டும். வளர்ப்பு ஊடகத்தில் வாரக் கணக்காக, சிலவேளை மாதக் கணக்காகக் காத்திருக்க வேண்டும். கரும்புல நுணுக்குக்காட்டியில் நுனி வளைந்த வெள்ளி நூல் போல ஒன்று நெளிவது தெரிந்தால் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். பல போத்தல்களில் எதுவும் வராது, பூஞ்சணம் பிடிப்பதும் உண்டு. வளர்ப்பை மட்டும் நம்பிப் பட்டத்தைக் கட்டாதீர்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆரையும் எதிருடல் பரிசோதனையையும் சேர்த்து வையுங்கள். எதிருடல் பொதுவாக முதல் வாரம் கழிந்த பிறகே தெரியும், ஆகவே நோயாளியிடம் இரண்டு தடவை இரத்தம் எடுக்கத் திட்டமிடுங்கள்.

அப்புறம் நெறிமுறை அனுமதி. மனிதருக்கு ஒன்று, எலிக்கோ மாட்டுக்கோ இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பியுங்கள். முதலாவது வரட்டும் என்று காத்திருந்தால் மழைக்காலம் போய்விடும். மழையும் வயல் வேலையும் சேரும் நேரத்தில்தான் நோயாளிகள் வருவார்கள். 2008இல் 7,000க்கும் அதிகமானோர் பதிவானார்கள், அவர்களில் வயலில் இறங்கியவர்கள் ஏராளம்.

மருதானையிலிருந்து ஒரு தாய்: மகள் இந்த ஆய்வுக்குப் போகிறாள். அவளுக்கே தொற்றிவிடாதா?

உங்கள் பயம் நியாயமானது அம்மா. விசர்நாய்க்கடி வைரஸோடு வேலை செய்பவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சேரும் ஆய்வுகூடத்தில் உயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி யார் தருகிறார்கள் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அங்கே சேர விடாதீர்கள்.

தெஹிவளையிலிருந்து நிரோஷன்: 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழும் வாங்கிவிட்டோம். ஒட்டுண்ணிகளில் இனி ஆய்வு செய்ய என்ன மிச்சம்?

நிறைய. அதே 2016இல் யானைக்கால் நோயும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் அந்த நோயைத் தரும் புழுக்களில் ஒன்றான, இங்கே ஒழிந்துவிட்டது என்று நினைத்திருந்த புரூஜியா, பல தசாப்தங்கள் கழித்து மனிதரில் மீண்டும் தென்பட்டது. நாய், பூனைகளிலும் இருக்கிறது. மனிதருக்கு மருந்து கொடுத்தாயிற்று, விலங்குகளுக்கு என்ன செய்வது? கட்டாக்காலி நாய்களிடம் இரவில் இரத்தம் எடுத்து, கண்ணாடித் தட்டில் பூசிச் சாயமிட்டு, புழுக் குஞ்சுகளை எண்ணத் துணிந்த மாணவர்கள் வேண்டும். விருப்பமென்றால் எழுதுங்கள், யாரை அணுகலாம் என்று சொல்கிறேன்.